வியாழக்கிழமை டப்பா

தடயங்களை அழிப்பதில் நெடுஞ்செழியன் கைதேர்ந்துவிட்டான். அதுவும் மூன்றே வாரத்தில்!

மகள் ப்ரீத்தி பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பிளாஸ்டிக் பெட்டிகளை நசுக்கி, விலைச் சீட்டுகளைக் கிழித்து, எல்லாவற்றையும் ஒரு கவருக்குள் திணித்து முடிச்சுப் போட்டான். ஆலிவ் எண்ணெய் பட்ட மேடையைச் சோப்புப் போட்டுத் துடைத்தான். கடைசியாகக் கொஞ்சம் கடுகை எடுத்து எண்ணெயில் வெடிக்க விட்டான். சமைத்த வீடு என்றால் சமைத்த வாசனை வேண்டாமா?

"டப்பா ரெடியாப்பா?"

திறந்து காட்டினான். நட்சத்திரமாக வெட்டிய ரொட்டி, நடுவில் நெருப்பில் வாட்டிய குடைமிளகாய். ஆலிவ் துண்டைக் கண்ணாகப் பதித்த சீஸ் உருண்டைகள். குச்சியில் கோத்த குட்டித் தக்காளி.

"சூப்பர்ப்பா! அப்படியே அம்மா பண்றது மாதிரியே இருக்கு!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை பாடும் பட்டான்.

சுவிட்சர்லாந்தில், பேர்ண் நகரத்துப் பள்ளியில் ப்ரீத்தியின் வகுப்புக்கு வியாழன்தோறும் காட்டு நாள். டீச்சர் பிள்ளைகளை ஊருக்கு வெளியே காட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து போக வேண்டும். அந்த விஷயத்தில் அவன் மனைவி வத்சலாதான் ராணி. அவள் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்தால் மற்றப் பிள்ளைகள் மரத்திலிருந்து இறங்கி ஓடி வருவார்களாம். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரே அவளை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

"கடையில வாங்கி அடைச்சுக் குடுக்கறவங்க எல்லாம் ஒரு அம்மாவா?" என்று அன்றைக்கு டிராமில் வீடு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள் வத்சலா.

தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் திருச்சிக்குக் கிளம்பியபோதும் வாசலில் நின்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள். "வியாழக்கிழமை என் பேரைக் கெடுத்துடாதீங்க. காயெல்லாம் முதல் நாளே வாட்டி எண்ணெயில ஊறப் போட்டுடுங்க."

நெடுஞ்செழியன் முயன்று பார்த்தான். குடைமிளகாய் கரியானது, புகை மணி அலறியது, கீழ்வீட்டு அம்மாள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். அதோடு சமையலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இத்தாலிக்காரர் கடைக்கு ஓடினான். வாட்டிய காய், ஊறிய ஆலிவ், சீஸ் உருண்டை எல்லாம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் தயாராக இருந்தன. "குழந்தைக்கு டப்பா கட்ட" என்று இவன் சொல்லி முடிப்பதற்குள் எது எவ்வளவு என்று கடைக்காரரே அளந்து கொடுத்துவிட்டார். தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டான்.

குப்பைதான் தலைவலியாக இருந்தது. நகரசபை விற்கும் குப்பைப் பையில் போட்டால் வண்டி வரும்வரை சமையலறையிலேயே கிடக்கும். ப்ரீத்தி கண்ணில் பட்டால் ராத்திரி வீடியோவில் அம்மாவுக்குச் செய்தி போய்விடும். அதனால், வத்சலா மடித்து அடுக்கி வைத்திருந்த திருச்சி ஜவுளிக்கடைக் கவர்களில் ஒன்றை உருவி, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, டிராம் நிறுத்தத் தொட்டியில் சேர்த்துவிடுவான். வீட்டுக் குப்பையைத் தெருத் தொட்டியில் போடுவது பேர்ணில் குற்றம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

இன்று கடைசி வியாழன். சாயங்காலம் வத்சலா வந்துவிடுவாள்.

ப்ரீத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு நிறுத்தத்துக்கு வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கவரைத் தொட்டிக்குள் விட்டான்.

"தம்பி, ஒருக்கா நில்லுங்கோ."

தோளில் ஒரு கை விழுந்தது.

"நான் குகநாதன். நகரசபையில குப்பை இன்ஸ்பெக்டர்." ஆரஞ்சுச் சட்டைக்காரர் இடுக்கியால் கவரை வெளியே எடுத்து முடிச்சை அவிழ்த்தார். "இது வீட்டுக் குப்பையெல்லோ?"

"சார், அபராதம் எவ்வளவுன்னாலும் இங்கேயே கட்டிடறேன். வீட்டுக்கு மட்டும் எதுவும் அனுப்பாதீங்க. என் ஒய்ஃபுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன் சார்!"

"தண்டம் கிடக்கட்டும். உங்களைப் பிடிக்க நான் பட்ட பாடு தெரியுமோ? கவரில இருக்கிற எழுத்தெல்லாம் தமிழ். எங்கட ஒபிசில தமிழ் வாசிக்கிறது நான் ஒராள்தான். அதால கேஸ் என்ர தலையில விழுந்திட்டுது." குகநாதன் பெருமூச்சு விட்டார். "வியாழனுக்கு வியாழன் இதே தொட்டி, இதே கவர், இதே இத்தாலிக்காரன்ர பெட்டி. ஒண்டரை வருஷமாத் தேடுறன் தம்பி!"

"ஒன்றரை வருஷமா? சார், நான் இந்த மூணு வாரம்தான்..."

இடுக்கியில் தொங்கிய கவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முந்தி நல்ல கெட்டித்தனமாப் போட்டனீங்கள், ஒளிச்சு நிண்டு பாத்தும் கண்ணில படேல்லை. இப்பதான் கவனம் குறைஞ்சிட்டுது. சரி, முந்திப் போட்டதும் நீங்கள்தானோ?"

"ஆமா சார்," என்றான் நெடுஞ்செழியன். "எல்லாமே நான்தான்."

சாயங்காலம் வத்சலா வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள். "கடுகு வாசனை தூக்குதே! பரவாயில்ல, வீட்டுலயேதான் பண்ணியிருக்கீங்க." பெட்டியைத் திறந்து, புதிய ஜவுளிக்கடைக் கவர்கள் ஒரு கட்டை எடுத்துச் சமையலறை டிராயரில் அடுக்க ஆரம்பித்தாள்.

நெடுஞ்செழியன் காப்பியை அவள் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"இனிமே எழுத்து இல்லாத கவரா எடுத்துட்டுப் போ வத்சலா, உன்னோட ஒன்றரை வருஷ அபராதத்தையும் சேர்த்து நானே கட்டிட்டேன்."