புலியின் பயம்

மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

கூடத்தில் புலி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நாய்க்குப் பக்கத்தில் நின்றாள். தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள். அப்படியே கையை விட்டாள்.

டணார்!

அலறியடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டது புலி. பேரு பெத்த பேருதான்.

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் புலியை அவரிடம் கொண்டுவந்தார்கள். குக்கர் விசில், இடி, லாரி ஹாரன் எல்லாவற்றையும் பதிவு செய்து, முதலில் கொசு பறக்கிற அளவுக்குத்தான் ஒலிக்கவிட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கறி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை பயிற்சி மைதானத்தில் இடி இடித்தாலும் புலி கறிக்கு வாலாட்டும். அடுத்த சனிக்கிழமை வரும்போது கொசுச் சத்தத்துக்கே நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விடும். கோளாறு வீட்டில்தான் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தார். வந்த இடத்தில் இந்தக் காட்சி.

திறந்திருந்த கதவு வழியாக நேரே உள்ளே போய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ஏம்மா, இது நல்லா இருக்கா?”

அவளுக்கு முகம் வெளிறிப்போனது. “கை தவறிடுச்சு மாஸ்டர்...”

“நான்தான் பார்த்தேனே. எத்தனை நாளா இப்படிக் கை தவறுது?”

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

“நாய் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லணும். வாயில்லா ஜீவன்கிட்டயா உங்க வீரத்தைக் காட்டுறது?”

அவள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் தடவினாள். புலி நடுங்கிக்கொண்டே அவள் மடியில் தலையை வைத்தது.

“தினமும் இதுகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டுதான் போடுறேன்.”

“நல்ல கூத்தா இருக்கே!”

“அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாஸ்டர். உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்குறேன்.”

“சொல்லாம விடுவேனா? அந்த மனுஷன் இதுக்காக என்ன பாடுபடுறாரு!”

அது உண்மைதான். மாஸ்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. நாய் தேறும்வரை வீட்டில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கதவை அறைந்து சாத்தக் கூடாது. எதையும் வீசி எறியக் கூடாது. பத்து வருஷமாக எல்லாருக்கும் இதே சீட்டைக் கொடுக்கிறார். எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டவர் இந்த வீட்டுக்காரர் ஒருத்தர்தான். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தார். அழைப்பு மணியைக்கூடக் கழற்றிவிட்டார்.

அவரே வந்துவிட்டார். தெருமுனையிலேயே ஸ்கூட்டரை அணைத்து, வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினார்.

இந்த மனுஷனுக்கா இப்படி ஒரு பெண்டாட்டி என்று மாஸ்டர் நொந்துகொண்டார்.

“அடடே, மாஸ்டர்! என்ன திடீர்னு?” ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார் வீட்டுக்காரர். குனிந்து பார்த்தார். “மறுபடியும் ஒளிஞ்சுக்கிச்சா? என்ன ஆச்சு?”

“அதைச் சொல்லத்தான் சார் நிக்கிறேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எப்படியாவது சீக்கிரம் தேத்திக் குடுங்க மாஸ்டர், புண்ணியமாப் போகும். என்னால முடியல.” கிட்டே வந்து சிரித்தார். “முன்னல்லாம் நான் ஒரு அதட்டல் போட்டாலே இது மேசைக்கு அடியில போயிடும். இவளுக்கு நாலு போட்டேன்னா ரெண்டு நாள் சோறு தின்னாது. பாவம், அது மனசு நோகக் கூடாதுன்னு மூணு மாசமா வாயையும் கையையும் கட்டிக்கிட்டு இருக்கேன்.”

மாஸ்டர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

“இன்னிக்குக்கூடப் பாருங்க, சட்டையில பொத்தான் தைச்சு வைக்கல. ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்கேன்.” பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “புலி தேறட்டும். அப்புறம் இருக்கு உனக்குக் கச்சேரி.”

தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

இந்த நாய்க்குப் பயம் போகிற அன்றைக்கு இந்தப் பெண்ணின் கதி என்ன என்று மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் புலி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாவமும் அறியாத நாய். அதைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அது சரி, கையில என்ன மாஸ்டர் தட்டு?” வீட்டுக்காரரின் பார்வை பெண்டாட்டி மேல் போனது. “யாராவது கீழே போட்டாங்களா?”

“நான்தான் சார் போட்டேன். சோதிச்சுப் பார்க்கலாம்னு.”

“என்ன தெரிஞ்சுது?”

“இது பிறவிப் பயம் சார். லேசுல போகாது. வருஷக்கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் நீங்க அந்தச் சீட்டுல இருக்கிறபடியே நடந்துக்கணும். ஒரு சொல் உரக்க வந்தாலும் நாய் செத்துப்போயிடும்.”

வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. “புலிக்காக இருந்துதானே ஆகணும்,” என்றார்.

மாஸ்டர் குனிந்து புலியின் தலையைத் தொட்டார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு தட்டை அந்தப் பெண்ணின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.