சாத்திய கதவு

"கதவை நல்லாச் சாத்திட்டு வந்து உக்காரு, ஐரீன்."

ஐரீன் சாத்தினாள். மானேஜர் சுப்பராயன் கதவைச் சாத்தச் சொன்னால் நல்ல சேதி வராது என்று அந்தத் திருவொற்றியூர் ஃபேக்டரியில் டைப்பிஸ்ட் முதல் கேட் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் தெரியும். போதாததற்கு சூப்பர்வைசர் வரதன் வேறு கையைக் கட்டிக்கொண்டு மேஜை ஓரமாக நின்றார்.

மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறை அது. யார் வேலை செய்கிறான், யார் பீடிக்கு நழுவுகிறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க, அறுபத்தொன்பதில் சுப்பராயனே யோசித்துக் கட்டியது. நல்ல தடித்த கண்ணாடி. போல்ட்டும் நட்டும் கடைகிற மெஷின்களின் இரைச்சல் உள்ளே வராது. உள்ளே பேசுவது வெளியே போகாது. தரையின் அதிர்வில் மேஜைமேல் இருக்கும் தம்ளர் தண்ணீர் மட்டும் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும்.

"இந்த ரூம்ல பேசுறது வெளியே போகுது. பின் கேட்டுக்குப் பூட்டுப் போடலாம்னு நானும் வரதனும் பேசினோம். பூட்டு வாங்குறதுக்குள்ள, 'ஏன் சார் பூட்டுறீங்க'ன்னு ஆளுங்க வந்து கேக்குறாங்க. லேத் ஃபோர்மேனை மாத்தலாம்னு உன்கிட்ட லெட்டர் சொன்னேன். நீ டைப் அடிச்சு முடிக்கல, அந்த ஆள் என் முன்னாடி வந்து நிக்கிறான்."

"சார், நான் யார்கிட்டயும்..."

"உங்க அண்ணன் வால்டர் எங்கே இருக்கான்?"

"இங்கதான் சார், பேக்கிங்ல."

"ராயபுரத்து ஆளுங்க மொத்தம் எத்தனை பேரு?"

"இருபது பேரு இருக்கும் சார்."

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒரே கோயில் வாசல்ல கூடுவீங்க. பேசாமலா இருப்பீங்க?"

ஆட்களை எடைபோட சுப்பராயன் சொந்தமாக ஒரு தராசு வைத்திருந்தார். காசிமேட்டு ஆள் என்றால் முரடன். ராயபுரம் என்றால் வாய் நீளம். அவர் மனசாரப் புகழ்ந்த ஒரே கூட்டம், மூடிப்போன ஒரு நெசவு மில்லிலிருந்து வந்து சேர்ந்த வியாசர்பாடிக்காரர்கள் பதினெட்டுப் பேர்.

"அதோ பாரு நீலமேகம்," என்று கண்ணாடிக்கு அப்பால், நேர் எதிரே டிரில்லிங் மெஷினில் நின்றவரைக் காட்டினார். "நாலு வருஷமா பாக்குறேன். அந்த மில் ஆளுங்க வாயிலேருந்து ஒரு சத்தம் வந்திருக்கா? அப்படி இருக்கணும் தொழிலாளின்னா."

"நானும் சத்தியமா பேசல சார்."

"சும்மா சந்தேகத்துல ஒருத்தரைத் தண்டிக்கக் கூடாதுன்னு நேத்து ஒரு சோதனை வெச்சேன். சாயங்கால டீயை நிறுத்தப் போறேன்னு சொன்னேனே, ஞாபகமிருக்கா? அது பொய். உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். வரதனுக்குக்கூடத் தெரியாது. அரை மணி நேரத்துல பத்து பேரு வந்து, 'டீயில கை வெக்காதீங்க சார்'ங்கிறாங்க. எப்படி?"

எப்படி என்று ஐரீனுக்கே புரியவில்லை. நேற்று இங்கிருந்து போனவள் நேரே டைப்ரைட்டரில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு கணம் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"மாதாமேல ஆணையா நான் சொல்லல சார். ஹார்பர்ல அப்பாவுக்குக் கால் போனதிலேருந்து எங்க வூட்ல அடுப்பு எரியறதே என்னாலயும் அண்ணனாலயும்தான். அதைப் போய் நானே கெடுத்துக்குவேனா?"

"சத்தியமெல்லாம் வேண்டாம்மா. டிஸ்மிஸ்னு நான் எழுதினா வேற எங்கேயும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. ராஜினாமான்னு நீயே எழுதிக் குடுத்துடு. உங்க அண்ணன் வேலையாவது தங்கும்."

பேனாவை நீட்டினார். வரதன் வேறு பக்கம் பார்த்தார். ஐரீன் காகிதத்தை இழுத்து, 'ஐயா' என்று எழுதினாள். கண்ணீர் விழுந்து மை கலங்கியது.

அப்போதுதான் தம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

"சார்..." வரதன் குரல் மாறியது. "மெஷினெல்லாம் நின்னுடுச்சு சார்."

சுப்பராயன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெளியே அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அறையைப் பார்த்தபடி நின்றார்கள். இவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வரதன் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கதவு சாத்தியது சாத்தியபடி இருக்கிறது. பிறகு யார் சொன்னது?

கதவு திறந்தது. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நீலமேகம் உள்ளே வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு ராஜினாமா எழுத வேணாம். தூக்குறதுன்னா என்னைத் தூக்குங்க."

நான்கு வருஷத்தில் அந்தக் குரலை சுப்பராயன் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ராஜினாமான்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"நானா?"

"இப்பவும் சொன்னீங்க, நேத்து டீ சமாச்சாரமும் நீங்கதான் சொன்னீங்க. மில்லுல ஒரே கொட்டாயில நானூறு தறி ஓடிக்கினு இருக்கும் சார். கத்தினாகூட காதுல வுழாது. உதடு அசையறதைப் பாத்துத்தான் பேசிக்குவோம். நாலு வருஷமா இங்கயும் நாங்க பதினெட்டுப் பேரும் நாள் பூரா பேசிக்கினுதான் கீறோம், உங்களுக்குத்தான் கேக்கல. உங்க உதடு இந்தக் கண்ணாடியில ரொம்ப நல்லாத் தெரியுது சார்."

ஐரீன் எழுதிய காகிதத்தைச் சுப்பராயன் நான்காகக் கிழித்துப் போட்டார். பிறகு வரதனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கண்ணாடிக்கு அப்பால் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பதினேழு பேரையும் பார்த்துவிட்டு, சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.