நலம் பொத்தான்

சுண்டுவிரல் முறிந்த சத்தம் வெளியே கேட்கவில்லை. சர்வர் அறையின் விசிறிகள் அப்படி இரைந்துகொண்டிருந்தன. அவளுடைய அலறலும் அதிலேயே அமுங்கிப் போயிற்று.

“வேற யாருக்கு அனுப்பின, சொல்லு. இன்னும் ஒம்போது வெரல் இருக்கு,” என்றான் அக்காவின் கணவன்.

நெட்வொர்க் கேபிள் ஒன்றை அவள் கழுத்தில் சுற்றி, மாட்டைப் பிடிப்பதுபோல இரண்டு முனைகளையும் ஒரே கையில் பிடித்திருந்தான்.

அக்கா மாடிப்படியில் கால் தவறி விழுந்து இறந்ததாக ஊருக்கெல்லாம் அழுதுகொண்டே சொன்னவன் அவன்தான். அக்காவின் போனில் இருந்த வீடியோ வேறு கதை சொன்னது. இன்று மதியம்தான் அது அவள் கண்ணில் பட்டது. முன்பின் யோசிக்காமல் அவனுக்கே போன் போட்டுச் சபித்தாள்.

அவனுக்கும் இதே ஆபீஸ்தான், மேல் மாடி. இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும்?

வந்ததும் கதவைப் பூட்டினான். அக்காவின் போனைப் பிடுங்கி, கண்ணாடித்தூள் ஆகும்வரை மிதித்தான். பிறகு அவள் தலைமுடியைப் பிடித்து, சர்வர்கள் அடுக்கிய இரும்புச் சட்டத்தில் முகத்தை மோதினான். முன்பல் ஒன்று தெறித்து எங்கோ உருண்டது.

அதற்கு அடுத்து அவன் செய்த காரியம்தான் கெட்டிக்காரத்தனம்.

அந்த அறையில் தனியாக வேலை செய்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘நலம்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் காவலாளி அம்மாளின் திரைக்கு அது ஒரு செய்தியாகப் போகும். போகாவிட்டால் அந்த அம்மாள் மாற்றுச் சாவியோடு வந்து நிற்பார். ஒருமுறை வேலை மும்முரத்தில் அவள் மறந்துவிட, இரும்புத் தடியோடு ஓடிவந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் அவனுக்கும் தெரியும். அதனால் முதலில் அவளைக் கணினி முன் உட்காரவைத்து, சாயங்காலம் வரைக்குமான நலம்களை இப்போதே எழுதிப் போடவைத்தான். ஒவ்வொன்றும் தன் நேரம் வரும்வரை காத்திருந்து, தானாகவே காவலாளிக்குப் போய்ச் சேரும்.

ஆபீசின் செய்திகளையெல்லாம் வாங்கி உரிய இடத்தில் சேர்க்கும் மென்பொருளுக்கு அங்கே தபால்காரர் என்று பெயர். வாங்கியதை உடனே கொடுத்துவிடும். காத்திருக்க வைப்பதற்குத் தனியாக ஒரு ப்ளகின், அதாவது அதோடு செருகும் சிறு நிரல், வேண்டும். அந்தத் தாமத ப்ளகினைச் சேர்த்தவனே அவன்தான், முன்பு இந்தப் பிரிவில் இருந்தபோது. அதன் அருமை பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் துக்க வீட்டில்கூட நிறுத்தமாட்டான்.

இப்போது மோதிர விரலை வளைத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தையே பார்த்தாள். விரல் முறிந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் தேம்பிவிட்டுத்தான் சொன்னாள்.

“தபால்காரர்கிட்ட போட்டு வெச்சிருக்கேன் மாமா. நாலு மணிக்கு எல்லாருக்கும் போயிடும்.”

இன்னமும் மாமாதான். பழக்கதோஷம்.

அவன் முகம் வெளிறியது. நாற்காலியோடு அவளைக் கீழே தள்ளி, விலாவில் உதைத்துவிட்டு, விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். காத்திருக்கும் செய்திகளை அந்த ப்ளகின் யாருக்கும் பிரித்துக் காட்டாது. ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கவும் விடாது. ப்ளகினையே நிறுத்தினால்தான் உண்டு. நிறுத்தினால் அதன் வயிற்றில் இருப்பது அத்தனையும் அழிந்துபோகும்.

அவள் தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அத மட்டும் நிறுத்தாதீங்க மாமா.”

அந்தக் காலாலேயே அவள் வாயில் உதைத்தான்.

கறுப்புத் திரையில் ப்ளகினை நிறுத்தும் கட்டளையை அடித்தான். விசைகளில் அவள் ரத்தம். விரல் வழுக்கி ஓர் எழுத்து மாறிப்போக, அப்படியொரு ப்ளகினே இல்லை என்றது திரை. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை நின்றது. சந்தேகத்துக்கு ப்ளகின்களின் பட்டியலையும் வரவழைத்துப் பார்த்தான். தாமத ப்ளகினின் பெயருக்கு முன்னால், ஓடுவதைக் காட்டும் குறி காணாமல் போயிருந்தது.

பெருமூச்சு விட்டான்.

“உங்கக்காவும் இப்படித்தான். கடைசி வரைக்கும் வாய் அடங்கல.”

கேபிளின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் சுற்றிக்கொண்டு இழுத்தான்.

கேபிள் இறுகும் முன்பே அவள் நல்ல கையின் விரல்களைக் கழுத்துக்கும் அதற்கும் நடுவே நுழைத்துவிட்டாள். உதறவில்லை, திமிறவில்லை. இருந்த மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு ஓடிவர இப்படி ஒருவரும் இருக்கவில்லையே என்று நினைத்ததும் அழுகை முட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வீடியோவை அவள் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. இருந்த கோபத்தில் அது தோன்றவே இல்லை. அக்காவின் போனோடு அதுவும் தூளாகிவிட்டது. தபால்காரரிடம் காத்திருந்தவை, அவனே எழுதவைத்து, இப்போது அவனே அழித்த நலம்கள் மட்டும்தான்.

முதல் விரலிலேயே சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்கமாட்டான். அடுத்த நலம் போகவேண்டிய நேரம் நெருங்கவும் வேண்டியிருந்தது.

விசிறிகளின் இரைச்சலையும் மீறிக் கதவில் சாவி திரும்பியது.

“ஏம்மா, எத்தன தடவ சொல்றது, அந்தப் பொத்தான அமுக்கித் தொலைன்னு,” என்று திட்டிக்கொண்டே காவலாளி இரும்புத் தடியோடு உள்ளே வந்தார்.