காரணம் எழுதவும்

"சத்தியமா நான் தொடலைடா. இத்தோட நாலாவது தடவை கேட்டுட்ட."

"நீயும் தொடலை, நானும் தொடலை. அப்ப அந்த வரி தானா எந்திரிச்சு நடந்து போச்சாக்கா?"

"மெதுவாப் பேசு" என்றாள் அக்கா, மூடியிருந்த அறைக்கதவைப் பார்த்தபடி.

செய்தித்தாளில் போடுவதற்கு அப்பாவைப் பற்றி எட்டு வரி. அவ்வளவுதான் விஷயம். வீட்டுக்கே பொதுவான ஃபோல்டரில் கிடந்தது அது. தம்பி எழுதிய ஆறாவது வரி மட்டும் போட்டால் போட்ட சூட்டில் காணாமல் போனது: 'மனைவியைக் கடைசிவரை கண்ணுக்குள் வைத்துக் காத்தார்.'

"அந்த வரி உனக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"பிடிக்கலைதான். நீ ஹாஸ்டல்ல இருந்த. அம்மா கண்ணை மூடுறவரைக்கும் பட்டதைப் பக்கத்துல இருந்து பாத்தவ நான். அதுக்காகத் திருட்டுத்தனமா அழிப்பேனா? அழிக்கணும்னா உன் மூஞ்சிக்கு நேரா அழிப்பேன்."

அதுவும் அவள் குணம்தான். தம்பிக்குத் தலை சுற்றியது.

ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிறவன் அவன். ஆபீஸில் இதற்கு வெர்ஷன் கன்ட்ரோல் என்று பெரிய பெரிய ஏற்பாடெல்லாம் உண்டு. எட்டு வரிக்கு அது எதற்கு என்று காலையில் உட்கார்ந்து சின்னதாக ஒன்றை அவனே எழுதிவிட்டான். யார் மாற்றினாலும் பழைய பிரதி அழியாது. நம்பர் போட்டு ஓரமாக நிற்கும். எந்த மெஷினிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வரி போனது என்பது பதிவாகும். கூடவே ஒரு பெட்டி: 'ஏன் மாற்றுகிறீர்கள்?' காரணம் எழுதாமல் சேமிக்க விடாது.

"ஏன்டா, கூடப் பொறந்தவளுக்கே சிசிடிவியா?"

"சிரிக்காத. உன் லேப்டாப் பேரு வந்துச்சுன்னா அதோட நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

அவள் சிரிப்பு அணைந்தது. "எனக்குன்னு மிச்சம் இருக்கப்போறது நீ ஒருத்தன்தான்டா."

அவன் தன் லேப்டாப்பைத் திறந்தான். ஆறாவது வரியைத் திரும்பப் போட்டான். சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. மூன்றரை மணிக்குத் திறந்தான்.

பிரதி இரண்டு. ஆறாவது வரியின் மேல் சிவப்புக் கோடு. நேரம் 3.12.

"அக்கா... மூணு பன்னெண்டுக்கு நாம ரெண்டு பேரும் இங்கதானே உக்காந்திருந்தோம்?"

அவள் எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மெஷின் பெயர் இருவருக்கும் தெரிந்ததுதான். அந்த மூடிய அறைக்குள், பேச்சும் வலது கையும் போய், டாக்டர் சொன்ன கெடுவுக்குக் காத்துக் கிடக்கும் அப்பாவுக்கு, பாட்டாவது கேட்கட்டும் என்று தம்பி வாங்கிக் கொடுத்த டேப்லெட்.

காரணப் பெட்டியில், இடது கை ஒற்றை விரலால் தட்டியது:

'பொய். நாளைக்கு அவ முகத்துல நான்தான் போய் முழிக்கணும்.'