கறுப்பா இருந்தா கோடு

முடிவெட்டுக்கு நடுவே கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, கடைக்காரர் தன் கையால் முதன்முதலாகச் செய்த ரோபோவை வெள்ளைத் தரையில் இறக்கி வைக்கிறார். வெயில் கண்ணாடியில் பட்டு ரோபோவின் சிக்கலான கம்பிகள்மேல் விழுகிறது. தரையில் ஒட்டியிருக்கும் கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டே அது வாசல்வரை போக வேண்டும். போகாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் போடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கென்றே அவள் துடைப்பத்தோடு வந்து நிற்கிறாள். "சீக்கிரம் விடுங்கண்ணே, வண்டி எடுக்கணும்" என்கிறார் நாற்காலியில் இருக்கும் பஸ் டிரைவர். சுவிட்சைத் தட்டியதும் அது கொசுபோல ரீங்காரமிட்டு, கோட்டில் அடிபிசகாமல் ஊர்கிறது. நாற்காலியருகே வந்ததும் சட்டென்று கோட்டை விட்டுவிட்டு, டிரைவரின் காலடியில் புகுந்து சுற்றுகிறது. "ஐயோ, கடிக்குமா?" டிரைவர் காலைத் தூக்கிக்கொள்கிறார். கடைக்காரரின் முகம் சுருங்கிப்போகிறது. மண்டியிட்டுக் குனிந்து பார்க்கிறார்; கீழே டிரைவரின் முடி கருகருவென்று கொத்தாகக் கிடக்கிறது. "கெட்டுப்போகலடி! கறுப்பா இருந்தா கோடுன்னு நெனச்சுக்குது!" மனைவி குனிகிறாள். முடியைத் துடைப்பத்தால் மெல்ல இழுத்து, வாசலைப் பார்க்க ஒரு கோடாகப் பரப்புகிறாள். ரோபோ கொஞ்சம் தயங்குகிறது, பிறகு கிளம்பிவிடுகிறது. "இப்படி வாடா கண்ணு, இப்படி வா" என்று குனிந்தபடியே பின்னால் நகர்கிறாள். பாதி வழியில் கோடு தீர்ந்துபோகிறது. அவள் நிமிராமலே கத்துகிறாள்: "என்னங்க, முடி பத்தல. சீக்கிரம் வெட்டுங்க!"