பதினொரு நெம்புகோல்கள்

கோட்டையில் இருபத்தொரு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அதில் ஒருவன் பசி தாங்காமல் எலி பிடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

எலக்ட்ரீஷியன் கணினித் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். போன முறை தம்பிக்கு அனுப்பும்போது எழுபது பேர் இருந்தார்கள்.

மலையைக் குடைந்து குள்ளர்கள் கோட்டை கட்டி வாழும் விளையாட்டு அது. அண்ணனும் தம்பியும் முறைவைத்து ஆடுவார்கள். கோட்டையில் ஒரு வருஷம் முடிந்ததும் அப்படியே சேமித்து மெயிலில் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மெயில் மட்டும் தவறாமல் போய்வந்தது, ஒரு சொல்கூட இல்லாமல்.

தம்பி புதுவீட்டுக்குக் குடிபோன அன்று வந்த வினை. வயரிங்கைத் தம்பியே செய்திருந்தான். எலக்ட்ரீஷியனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று பேர்கூட ஒட்டத் தெரியாதவனெல்லாம் வயரிங் பண்ண வந்துவிட்டான் என்று தம்பியின் மாமனாரை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரித்தார். மாமனாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார்.

தப்புதான் என்று எலக்ட்ரீஷியனுக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. தம்பி வராத ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அதைப் போய் யார் சொல்வது?

கிடங்கு நிறைய உணவு இருந்தது. கிடங்கின் கல்கதவுதான் மூடிக்கிடந்தது. அதைத் திறக்கும் நெம்புகோல் பக்கத்து அறையில். அங்கே போய்ப் பார்த்தால் பதினொரு நெம்புகோல்கள் நின்றன. ஒன்றிலும் பேர் இல்லை.

தம்பியின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டார்.

முதலாவதை இழுக்கச் சொன்னார். பாலம் இறங்கியது. அடியில் நின்ற இருவர் தட்டையானார்கள். இரண்டாவதில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில் ஆற்றுமடை திறந்து வெள்ளம் புகுந்தது. படுக்கையறைகளில் ஆறு பேர் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தார்கள். எலி தின்றவனும் அதற்குள் போய்விட்டான்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா, தலையில இருக்குற கிரீடமா எறங்கிடும்?"

பன்னிரண்டு உயிர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எலக்ட்ரீஷியன் போனை எடுத்தார். குள்ளர்களுக்காகத்தான்.

முதல் மணியிலேயே தம்பி எடுத்துவிட்டான்.

"மூணு இழுத்துப் பாத்துட்டேன். எதை இழுத்தாடா கிடங்கு தெறக்கும்?"



"அது தெரிஞ்சா நான் ஏண்ணே நாப்பத்தொம்போது பேரை சாக விட்டேன்? பூதம் வந்தப்ப நீதானே அவசர அவசரமா அந்த நெம்புகோலையெல்லாம் வெச்சு, கதவையும் மூடி, அப்படியே எனக்கு அனுப்பின?"

எலக்ட்ரீஷியன் திரையைப் பார்த்தார். பதினொன்றும் ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி நின்றன. தம்பிக்கு எதையும் நேராக வைக்க வராது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார்.

"பேர் ஒட்டியிருக்கணும்டா" என்றார்.

"சரி விடுண்ணே. நாலாவதை இழு."

இழுக்கச் சொன்னார். ஏழாவதில் எரிமலைக் குழம்பு வந்தது. ஒன்பதாவதில் கிடங்கு திறந்தது. அதை இழுத்தவன் ஒருவன்தான் அப்போது மிஞ்சியிருந்தான். எழுபது பேர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒண்டியாகப் போய் உட்கார்ந்தான்.

அவன் என்ன சாப்பிடுகிறான் என்று அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்ல, தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சாப்பிட்டுக் கைகழுவி, படுத்துத் தூங்கிய பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.