யார் வீட்டுக் கேள்வி?

"இதை எழுதின அம்மாவோட வீட்டுக்காரர் இப்ப இங்கேதான் உட்கார்ந்திருக்கார்" என்றார் பாஸ்டர்.

அவ்வளவுதான். சபையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே கேள்விப் பெட்டி நேரம். யார் வேண்டுமானாலும் பேர் போடாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். பாஸ்டர் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்வார். பச்சை குத்தலாமா, சினிமா பார்க்கலாமா என்று வழக்கமாக வருகிற கேள்விகள்தான் அன்றைக்கும் வந்திருந்தன. கண்ணை மூடாமல் ஜெபம் பண்ணினால் சேர்த்தியா என்றுகூட ஒருத்தர் கேட்டிருந்தார்.

"இயேசுவே வானத்தை அண்ணாந்து பார்த்து ஜெபம் பண்ணியிருக்கார். நீங்க தாராளமா முழிச்சுக்கிட்டே பண்ணுங்க. நான் பிரசங்கம் பண்றப்ப கண்ணை மூடாம இருந்தாப் போதும்."

ஒரே சிரிப்பு. அடுத்த சீட்டைப் படித்ததும் அது நின்றுபோனது.

'என் கணவருக்கு வெளியில் தங்கமான மனுஷன் என்று பேர். வீட்டுக்குள் வந்தால் என்மேல் எரிந்து விழுவதைத் தவிர வேறு பேச்சில்லை. நான் ஏதாவது சொல்ல வந்தால் காது கொடுப்பதில்லை. இவருடைய ஜெபத்தைக் கடவுள் கேட்பாரா? புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிமணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். போகட்டுமா?'

பாஸ்டருக்கு ரத்தம் சூடேறிவிட்டது. இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தானே இத்தனை வருஷமாகப் பெட்டி வைத்திருக்கிறார்.

"கேட்க மாட்டார். இதை நான் சொல்லலை, பேதுரு சொல்றார். முதல் நிருபம், மூணாம் அதிகாரம், ஏழாம் வசனம். பொண்டாட்டியை மதிச்சு நடக்காதவனோட ஜெபத்துக்குத் தடை வந்துடும். முட்டி தேய ஜெபம் பண்ணாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்த அம்மா முன்னாடி நின்னு மன்னிப்புக் கேளுங்க. அம்மா, நீங்க அவசரப்படாதீங்க. புதன்கிழமைக்குள்ள அந்த மனுஷனை உங்க முன்னாடி கொண்டுவந்து நிறுத்த வேண்டியது என் பொறுப்பு."

பெண்கள் பக்கமிருந்து எழுந்த அல்லேலூயாவில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசலில் யாரும் கலையவில்லை. குசுகுசுவென்று ஒரே பேச்சு. சபைக்கு வருகிற பஸ் டிரைவர் ஒருத்தர் நேராக பாஸ்டரிடமே வந்துவிட்டார்.

"சத்தியமா எங்க வீடு இல்லை பாஸ்டர். எதுக்கும் இருக்கட்டும்னு பெஞ்சுலேயே மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"எதுக்குன்னே சொல்லாம கேட்கறார்" என்றாள் அவர் மனைவி. "என்னத்தைப் பண்ணித் தொலைச்சாரோன்னு இப்பத்தான் எனக்குச் சந்தேகமே வருது."

அடுத்து பாஸ்டர் தையல்காரர் ஒருத்தரை ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தார்.

"எங்க வீட்ல எரிஞ்சு விழறது நான் இல்லை பாஸ்டர். அது வந்து விழற இடம்தான் நான்."

பாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் மூன்றே நாளில் ஒரு குடும்பம் உடையப் போகிறது. கையெழுத்தைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் அவரிடம் இருப்பது அந்த அம்மாவின் கையெழுத்து இல்லை. எழுதியது யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, சனிக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து எல்லாச் சீட்டையும் வேறு தாளில் பார்த்து எழுதித் தருவது அவர் மனைவிதான். ஒரிஜினலை அவர் கேட்கவே கூடாது. அவரே போட்ட சட்டம் அது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒருநாள் மீறினால் தப்பில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சபைக்குப் பின்னால்தான் வீடு. ஏறக்குறைய ஓடினார். மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரிஜினல் சீட்டெல்லாம் எங்க வச்சிருக்கே? சீக்கிரம் எடு."

"முதல்ல வந்து உட்காருங்க. நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உனக்கு நேரங்காலமே கிடையாதா? அங்க ஒருத்தி வீட்டை விட்டுப் போக மூட்டை கட்டி வச்சிருக்கா. உன் கதையைக் கேட்கவா நான் ஓடி வந்தேன்? எடுன்னா எடேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து கொடுத்தாள்.

பாஸ்டர் எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டினார். சட்டைப் பையிலிருந்து தன் தாள்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஜோடி சேர்த்தார். பச்சை குத்துவது இருந்தது. சினிமா இருந்தது. கண்ணை மூடுவது இருந்தது. பரபரவென்று கடைசிவரை வந்துவிட்டார். ஒரு தாள் மட்டும் ஜோடியில்லாமல் கையில் நின்றது.

கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"முக்கியமான சீட்டு, அதைப் போய்க் காணோம். ஒரு வேலையை உருப்படியாச் செய்ய மாட்டியா நீ? எங்க தொலைச்சே?"

"எதையும் தொலைக்கலைங்க" என்றாள் அவள். "அந்த ஒண்ணை மட்டும் நான் பாத்து எழுதலை."